டயகமக் கொழுந்து

2009 ஜூலை 11, சனிக்கிழமை. திங்கட்கிழமை கண்டி ஆய்வரங்கில் செய்து காட்டுவதற்காக யோகேஸ்வரன் டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தான்.

சாயக் கழிவுநீரின் நிறத்தைப் போக்க உலகமே நனோ செம்புத் துகளை ஊக்கியாகப் பயன்படுத்த, செம்பே சேர்க்காமல் கொழுந்துச் சாறு அந்த வேலையைச் செய்யும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். பொகவந்தலாவைக் கொழுந்தும் கொத்மலைக் கொழுந்தும் ஒன்றும் செய்யவில்லை. டயகமக் கொழுந்துக்கு நான்கே நிமிடம் போதும். பிறந்த மண்ணின் பெருமை என்று எழுதினால் விஞ்ஞானமாகாது என்பதால், ‘மண்ணின் தனித்தன்மை’ என்று எழுதியிருந்தான்.

“நம்ம கொழுந்துல மட்டும் என்னமோ இருக்குப்பா,” என்றான்.

“இல்லாமலா?” என்றார் அப்பா சோலைமலை. “நீ பறிக்கிற நெரைய நான்தானே கவனிச்சுக்கிறேன்.”

“என்ன கவனிப்பு?”

“மத்த நெரைக்கு ஒருதரம் மருந்தடிச்சா இதுக்கு மூணுதரம். புள்ள படிப்புக்குப் போற கொழுந்துல கொப்புள நோய் வரலாமா?”

யோகேஸ்வரனின் கை நின்றது. அப்பா மருந்தடித்த கூலியில் படித்து வந்தவனுக்கு, அந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று கேட்க அன்றுதான் தோன்றியது.

சோலைமலை மருந்துப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். செம்பு ஐம்பது சதவீதம் என்று அச்சிட்டிருந்தது.

“ஏன்டா, பத்தாதா?”

திங்கட்கிழமை ஆய்வரங்கில் யோகேஸ்வரனுக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தைத் தேநீர் இடைவேளையோடு சேர்த்துவிட்டார்கள்.