வெள்ளைப் பக்கம்

தென்கொரியாவின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், இதழியல் துறை மாடியில் மாணவர் பத்திரிகைக் கட்டுகள் வந்து இறங்கியிருக்கின்றன. இலையுதிர்கால வெயில் அவற்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது. முதல் பக்கத்தில் பத்திரிகையின் பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. விடுதிக் குளியலறையைக் கழுவும்போது விழுந்து இறந்த துப்புரவுப் பெண்ணைப் பற்றிய செய்தியை மேற்பார்வைப் பேராசிரியர் எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் வேறெதையும் போடமாட்டேன் என்று பத்திரிகையை நடத்தும் மாணவி ஹாரின் பிடிவாதமாக இருந்துவிட்டாள். “செய்தியைவிட இதுதாங்க்கா சத்தமாக் கத்துது. நாளைக்கு அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணும்!” என்று சிரித்தபடி இளையவன் குன்வூ கட்டைப் பிரிக்கிறான். கதவு மெல்லத் தட்டப்படுகிறது. இறந்தவளின் கணவர் மா சங்சிக், கையில் ஒரு பழரசப் பெட்டியோடு நிற்கிறார். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, பத்திரிகையை இரண்டு கைகளாலும் வாங்குகிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். முன்னும் பின்னும் திருப்புகிறார். “ஏம்மா, இதுல அச்சு விழாமப் போச்சு போல. நல்லதா ஒண்ணு குடும்மா, மகளுக்கு அனுப்பணும்.” குன்வூ தலையைக் குனிந்துகொள்கிறான். ஹாரின் கட்டை நோக்கி ஓரடி எடுத்து வைக்கிறாள். “நீங்க இருங்க, நானே பாத்துக்கறேன். அடியில இருக்கறதுல விழுந்திருக்கும்” என்று அவர் கட்டின் அருகே மண்டியிடுகிறார். ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஓரம் கசங்காமல் மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை உருவுகிறார்.