இரண்டாம் தந்தி

மதுமதி வயலின் வில்லைப் பிடித்த அழகைப் பார்த்ததுமே கல்யாணராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சப்பாத்திக் கட்டையைக்கூட இதைவிடப் பக்குவமாகப் பிடிப்பார்கள்.

வங்கியில் மேலாளராம். எட்டு வருடமாக ஃபோனைப் பார்த்துத் தானாகவே வயலின் கற்றுக்கொண்டாளாம். இப்போது முறையாகக் கற்க வேண்டுமென்று கரோல் பாக்கிலிருந்து மெட்ரோ பிடித்து ஜனக்புரியில் அவரிடம் வந்திருக்கிறாள்.

முறை! இத்தனை நாள் எங்கே போயிருந்ததாம் அது?

இந்த ரகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். ஃபோனைத் தடவினால் சங்கீதம் கொட்டும் என்று நினைக்கிற கூட்டம். சரளி வரிசையிலிருந்து ஆரம்பி என்றால் முகம் தொங்கிப்போகும். மறுவாரம் ஆளைக் காணோம். இவளையும் இன்றே கழற்றிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் தெரிந்ததை வாசிக்கச் சொன்னார்.

கல்யாணியில் ஒரு கீர்த்தனை வாசித்தாள். உட்கார்ந்தது தப்பு, விரல் தப்பு. சுருதி மட்டும் பிசகவில்லை. அதுவும் அவருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அனுபல்லவியில் மேலே போகிற இடம் வந்தது. மேல் ஸ்வரங்களுக்கென்றே இருக்கிற முதல் தந்தியை அவள் தொடவே இல்லை. இரண்டாம் தந்தியிலேயே விரலை இழுத்துக்கொண்டு உச்சிவரை ஏறினாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

கல்யாணராமன் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, முதல் தந்தி என்ன அறுந்தா கிடக்கு?”

அந்த நக்கல் அவளுக்கு உறைக்கவில்லை. அவள் முகம் மலர்ந்தது.

“நீங்க அப்படித்தானே சார் வாசிச்சீங்க, ஆர்.கே.புரம் கச்சேரியில! யாரோ கடைசி வரிசையில இருந்து எடுத்து யூடியூப்ல போட்டிருக்காங்க. அதுக்காகத்தான் சார் உங்களைத் தேடி வந்தேன். பாக்கியெல்லாம் நானா கத்துக்கிட்டது. இது மட்டும் உங்ககிட்ட.”

அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

கடைசி வரிசைக்குத் தெரிந்திருக்காது. அன்று சரியாக அந்த இடத்தில்தான் முதல் தந்தி பட்டென்று அறுந்தது. இருந்த தந்தியில் தட்டுத்தடுமாறி அவர் கரையேறியபோது முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், டெல்லியில் எவனுக்குச் சங்கீதம் தெரியும் என்று சொல்லிவந்தார்.

மதுமதி வில்லை மடியில் வைத்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தாள்.

அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

வாசித்தாள். அவர் தடுமாறிய இடத்தில் அவள் தடுமாறவில்லை.