இரண்டு நாற்காலிகள்

பெற்ற மகனோடு கிறிஸ்துமஸ் விருந்து சாப்பிட ஜெனோவா அம்மாளுக்கு ஆன செலவு தொண்ணூறாயிரம் ரூபாய், கப்பல் டிக்கெட்டும் சேர்த்து. மகன் ரெமிஜியூஸ் அந்த உல்லாசக் கப்பலில்தான் பரிமாறுகிறான். நாலு வருடமாகப் பண்டிகைக்கு வீடு வரவில்லை; அதனால் அவளே பயணியாக ஏறிவிட்டாள். கேக் தட்டோடு அவன் வந்ததும் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருய்யா" என்றாள். மேற்பார்வையாளர் தனசேகர் ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, பயணிங்ககூட ஸ்டாஃப் உட்காரக் கூடாது. வேலை போயிடும்."

தூத்துக்குடியில் பாத்திரக்கடை நடத்துகிறவளுக்குப் பேரம் புதிதா? "அரை மணி நேரம்."

"முடியாது."

"உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பத்து நிமிஷம்."

"ஒரு நிமிஷம்கூட முடியாது ஆன்ட்டி."

"உட்காரத்தானே கூடாது? நிக்கலாமுல்ல?"

தனசேகர் தலையைச் சொறிந்தார். "நிக்கிறதுதானே அவன் வேலை."

ஜெனோவா எழுந்து போய் மகனின் தோளை ஒட்டி நின்றுகொண்டாள். அவன் இரு கையாலும் தட்டைப் பிடித்திருந்தான். அதிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து அவன் வாயருகே நீட்டினாள்.

"யம்மா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். வாயைத் தொற."

தனசேகர் முகத்தைக் கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த துண்டு அவள் வாய்க்குப் போனது. அந்த மேசைக்கு நாற்காலி இரண்டு. உட்கார்ந்தவர் யாருமில்லை, சாப்பிட்டவர் இரண்டு பேர்.