ஒப்பாரிக்கு ஓர் ஆள்

பழைய பாட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஒலிக் காப்பகத்திலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர், வேப்பமரத்து மூக்காயிக் காக்காவைத் தேடி வந்தது. ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"அக்கா, ஒரே ஒரு ஒப்பாரி பாடுங்க. பதிஞ்சு வச்சுக்கிறேன்."

"யாரு செத்தா?"

"யாரும் சாகலை."

"எழவு விழாத இடத்துல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, உனக்கே நல்லாயிருக்கா?"

ரெக்கார்டர் விடவில்லை. டேப்பை ஓடவிட்டபடியே மத்தியானம்வரை கெஞ்சியது. போகப் போக அதன் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"அக்கா... என் பேட்டரி... செத்துப்போச்சு..."

"ஐயோ! முன்னாடியே சொல்லக் கூடாதா?" மூக்காயி இறக்கையால் மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "வயித்துக்குள்ள இருந்தவனே, வழியில விட்டுப் போனியே!"

சொந்தக்காரக் காக்காய்கள் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. பொழுது சாயும்வரை பாட்டுதான். அப்படியொரு ஒப்பாரியை அந்த ஊர் கேட்டதே இல்லை. டேப் மட்டும் ஓடவில்லை.

அடுத்த வாரம் ரெக்கார்டர் மறுபடியும் வந்தது. வயிற்றில் புது பேட்டரி. கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்ட பழைய பேட்டரி ஒன்று.

"இவருக்கு என்ன?" என்றாள் மூக்காயி.

"இழுத்துக்கிட்டு இருக்கு அக்கா," என்றது ரெக்கார்டர், சந்தோஷத்தை அடக்க முடியாமல்.