வெளிச்சவீட்டுக்காரருக்கு ஒரு சாரன்

வெளிச்சவீட்டுக்குத் தலையே இல்லை.

பாறை உச்சியில் இடுப்பளவு வட்டச் சுவர் மட்டும் நின்றது. அதன் நிழலில் இரண்டு ஆடுகள் சாவகாசமாக அசைபோட்டன.

ஜுனைதா ஒரு கையில் வட்டிலப்பச் சட்டியும் மறு கையில் புது மருதமுனைக் கைத்தறிச் சாரனுமாக, சாய்ந்தமருதிலிருந்து ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வந்து, கொளுத்துகிற வெயிலில் இந்தப் பாறையையும் ஏறி முடித்திருந்தாள். ஆடுகளைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

"இந்த ஆட்டுக்கா மச்சான் நான் சாரன் வாங்கின?"

றாஸிக் கழுத்தைச் சொறிந்தான். பாவம், அவனும்தான் என்ன செய்வான்.

போன மாதம் நடுக்கடலில் அவனுடைய படகின் எஞ்சின் நின்றுபோனது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. குடிக்கத் தண்ணீர் முடிந்து, கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் கிடந்த இரவில் ஒரு வெளிச்சத்தைக் கண்டான். உயரத்தில், சிவப்பாக, ஒன்றே ஒன்று.

திருக்கோவில் ஊரைத் தாண்டிப் பாறைமுனையில் வெள்ளைக்காரன் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது என்று அவனுடைய வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறான். இது அதுதான் என்று நம்பி, அதையே பார்த்துக்கொண்டு விடிய விடியத் துடுப்பு வலித்தான். காலையில் முனைக்கு அப்பால் மணலில் மயங்கிக் கிடந்தவனை யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீடு வந்தவன் சொன்ன முதல் கதை வெளிச்சவீட்டுக் கதைதான்.

அவன் காணாமல் போன அன்றே ஜுனைதா நிய்யத்து வைத்திருந்தாள். யாரைக் கொண்டு அல்லாஹ் அவனைக் கரைசேர்க்கிறானோ, அவருக்குத் தன் கையால் வட்டிலப்பம் அவித்துக் கொடுத்து, ஒரு புதுச் சாரனும் உடுக்கக் கொடுப்பதாக. அவளுடைய உம்மா வழியில் இதற்கு ஒரு கண்டிப்பு உண்டு. நிய்யத்துப் பண்டத்தை உரியவர் தின்னும்வரை வேறு எவரும் ருசி பார்க்கக் கூடாது. திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது.

வெளிச்சவீடு என்றால் அதற்கு ஒரு காவல்காரர் இருப்பார், அவரிடம் கொடுத்துவிட்டு வந்தால் சரி என்றுதான் நினைத்திருந்தாள்.

பாறையின் மறுபக்கச் சரிவில் ஒரு பெண் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். குஞ்சம்மா என்று பெயர் சொன்னாள். விளக்குக்காரர் எங்கே என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சுனாமியோடு போன விளக்கு, அதற்குப் பிறகு இங்கே வெளிச்சமும் இல்லை, அதைப் பார்க்க ஆளும் இல்லை என்றாள்.

றாஸிக் விடவில்லை. வல்லாஹி, என் இரண்டு கண்ணாலும் கண்டேன் என்றான்.

ஜுனைதாவுக்கு அழுகை முட்டியது. நாளைக்கு மறுபடியும் கடலுக்குப் போகிறவன் அவன். நிய்யத்தை நிறைவேற்றாமல் அவனை எந்த நெஞ்சோடு அனுப்புவது? பள்ளிவாசலில் கொடுத்துவிடுவோமா என்று றாஸிக் மெல்லக் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

விசயத்தை முழுதாகக் கேட்ட குஞ்சம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அது எந்த இரவு என்று கேட்டாள்.

அமாவாசையை ஒட்டி வந்த வெள்ளிக்கிழமை இரவு என்றான் றாஸிக்.

குஞ்சம்மா கையிலிருந்த கருவாட்டைப் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். பாறையின் கடலோர விளிம்பில் நின்றாள்.

அங்கே நிலம் கருகிக் கிடந்தது. எரிந்த கம்புகள். உருகிக் கட்டியாகிப்போன நைலோன் வலை. துருப்பிடித்த எஞ்சின் ஒன்று.

வலையும் எஞ்சினும் வைத்து அவர்கள் தங்கியிருந்த வாடி அது. கரையில் போட்டால் மாரிக் கடல் அள்ளிக்கொண்டு போகிறது என்று பாறை மேலே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை இரவு அடுப்புத் தணல் காற்றில் பறந்து கிடுகுக் கூரையில் பற்றியது. கீழே இறங்கி இறங்கிக் குடத்தில் கடல் தண்ணீர் சுமந்து ஊற்றியும் ஆகவில்லை. எல்லாம் போனது.

அந்த இரவை நினைத்துத்தான் ஜுனைதா ஒவ்வொரு தொழுகையிலும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். அதே இரவில் இந்த மனிசி தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். இப்போது நன்றி என்று சொல்லவும் நா கூசியது. சட்டியையும் சாரனையும் குஞ்சம்மாவின் கையில் வைத்து, அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சம்மா சட்டியைத் திறந்து, அங்கேயே ஒரு விரல் அள்ளி வாயில் போட்டாள். பிறகு சற்றுத் தள்ளி, இரவல் வலையொன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த தன் புருசன் கந்தப்போடியைக் கண்ணால் காட்டினாள். அந்த மனிசன் தன்னோடு கதைத்து ஒரு மாதமாகிறது என்றாள். அடுப்பை அணைக்காமல் படுத்தது அவள்தானே. சோறு வேண்டுமென்றாலும் கோப்பையைத் தள்ளிவைப்பாராம், வாய் திறக்க மாட்டாராம்.

"நான் சொன்னா அந்த மனிசன் நம்பாது தம்பி. நீங்களே போய்ச் சொல்லுங்க."

றாஸிக் போய்ச் சொன்னான்.

கந்தப்போடியின் கை வலையில் அப்படியே நின்றது. அவனை உச்சி முதல் கால் வரை பார்த்தார். அந்த நெருப்பு முன்னமே அணைந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று மட்டும் கேட்டார். ஆழக்கடல் பக்கம்தான் வலித்திருப்பேன், அந்தப் பக்கம்தான் கரை இருக்கும் என்று ஊகித்திருந்தேன் என்றான் அவன்.

அவர் எழுந்தார். ஜுனைதாவைத் தாண்டி வந்து, மனைவியின் முன்னால் நின்றார். கதைத்துப் பழக்கம் விட்டுப்போன தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொண்டார்.

"நல்ல காலம் குஞ்சம்மா, நம்மளால அணைக்க ஏலாமப் போனது."

குஞ்சம்மா அந்தக் கரியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.