கரண்ட் அடுப்பு எங்கே?

"பாருங்கடி! சூப்புல கரப்பான் கெடக்கு. அந்தப் பொண்ணு வாயத் தொறந்தாளா? எடுத்து எறிஞ்சுட்டு அவ பாட்டுக்குக் குடிக்கிறா!"

புது டி.வி.யில் ஓடிய படத்தை ரிமோட்டால் நிறுத்திவிட்டு, வார்டன் கனகலட்சுமி சாப்பாட்டுக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சட்னியில் தண்ணீர் அதிகம் என்று விடுதிப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அதற்கு அவருடைய பதில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் படம்.

ஏதோ ஒரு பனி தேசம். கம்யூனிஸ்ட் சர்வாதிகார ஆட்சி. நூல் மில் விடுதியில் அடைபட்ட பெண்கள். ரொட்டிக்கு வரிசை, குளிக்க வரிசை. அழுவதற்குக்கூட முறை வைத்திருப்பார்கள் போலிருந்தது. சுவருக்குச் சுவர் தலைவரின் படம் முறைத்தது.

"அங்க நாலு பேருக்கு ஒரு ரொட்டி. இங்க ஆளுக்கு நாலு இட்லி. இதுல சட்னி கெட்டியா வேணுமாக்கும்?"

"அங்க ஐஸ் கொட்டுது மேடம். எங்க ரூமுல ஃபேனே சுத்தல" என்றாள் ரோகிணி.

"வாயப் பாரு, வாய!" என்று படத்தை ஓடவிட்டார் வார்டன்.

படத்தில், ரேடியோ ஒளித்து வைத்திருந்த ஒருத்தியை யாரோ காட்டிக்கொடுத்தார்கள். காட்டிக்கொடுத்தவளுக்கு ரொட்டி ஒரு துண்டு கூடுதலாகக் கிடைத்தது.

"சீ, இதெல்லாம் ஒரு பொழப்பா!" என்றபடி முத்துமீனா தன் தட்டிலிருந்த இரண்டாவது முட்டையைப் பிட்டாள்.

கதாநாயகி லேசுப்பட்டவள் இல்லை. தன் ரேடியோ மாவு மூட்டையில் இருப்பதாக ஒருத்தியிடமும், புகைபோக்கியில் இருப்பதாக இன்னொருத்தியிடமும் சொன்னாள். மறுநாள் போலீஸ் வந்து நேரே புகைபோக்கியை இடித்தது.

முத்துமீனா மெல்லுவதை நிறுத்தினாள். இதுவல்லவா யோசனை!

அவளுடைய ரைஸ் குக்கர் போன மாதம் பிடிபட்டது. அதற்கு முந்தின மாதம் ஹீட்டர். இந்த விடுதியில் கரண்டில் சூடாகும் சாமான் எதுவும் ஆகாது. மூன்றாவது தடவை மாட்டினால் கட்டிலைக் காலி செய்துவிட்டு, ஜவுளிக்கடை வேலையையும் விட்டுவிட்டு, திருமங்கலத்துக்கு அங்கிட்டு இருக்கும் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அம்மா, மாமன் மகன் சங்கிலியை மாப்பிள்ளையாகப் பிடித்து வைத்துக் காத்திருந்தாள். சங்கிலியைக் கட்டிக்கொள்வதைவிட அந்தப் பனி தேசத்துக்கே போய்விடலாம்.

புதுக் கரண்ட் அடுப்பு வாங்கி நாலு நாள்தான் ஆகிறது. அதில் போட்ட டீயைக் குடித்தவர்கள் மூன்று பேர்: அறைத் தோழிகள் ரோகிணி, பேச்சி, சமையற்கட்டு மலையம்மாள். காட்டிக்கொடுப்பவள் இவர்களில் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அரிசி டிரம்முக்குள் இருப்பதாக ரோகிணியின் காதில் ஓதினாள். மொட்டை மாடிக் காலி டேங்க் என்று பேச்சியிடம். செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று மலையம்மாளிடம். மூவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வார்டன் கிளம்பினார். நேரே அரிசி டிரம்.

"ரோகிணியா! அடிப்பாவி!" என்று பல்லைக் கடித்தாள் முத்துமீனா.

வார்டன் முழங்கையில் அரிசியோடு மாடியேறி, டேங்குக்குள் தலைகீழாகத் தொங்கினார். அப்புறம் ஒட்டடைத் தலையோடு இறங்கி வந்து, செருப்புகளை ஒவ்வொன்றாக விலக்கினார்.

முத்துமீனா மூவரையும் துணி காயப்போடும் இடத்துக்கு இழுத்துப் போனாள்.

"ஒருத்தின்னு நெனச்சேன், மூணு பேருமாடி!"

"கடை முடிஞ்சு லேட்டா வந்தா கேட்டத் தொறக்கணும்ல?" என்றாள் ரோகிணி.

"எனக்கு சன்னலோரக் கட்டில் வேணும்" என்றாள் பேச்சி.

"ஞாயித்துக்கெழம ராவு ஒருவேள லீவு, அம்புட்டுத்தான்" என்றாள் மலையம்மாள்.

"ஒரு முட்டைக்குச் சமானமாடி என் வாழ்க்கை? நீங்கள்லாம் நல்லாருப்பீகளா? அந்தப் படத்தப் பாத்துமா புத்தி வரல?" முத்துமீனா மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

"முத்துமீனா! இங்கிட்டு வா" என்று ஆபீஸ் அறையிலிருந்து குரல் வந்தது.

போனாள். வார்டன் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிக்கொண்டே கதவைச் சாத்தச் சொன்னார்.

"மூணு பேரு மூணு எடம் சொன்னாளுக, ஒண்ணும் வெளங்கல. நீ சொன்னா மட்டுந்தான் தப்புறதே இல்ல. ரோகிணியோட கெட்டில், பேச்சியோட அயர்ன் பாக்ஸ், மலையம்மா பையில போன தேங்கா... எல்லாம் நீ சொன்ன எடத்துலயே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம இன்னொரு முட்டை சேத்து வைக்கச் சொல்றேன். சொல்லு, முத்துமீனாவோட கரண்ட் அடுப்பு எங்க இருக்கு?"

ரெண்டு வருஷத்துப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"டி.வி. வந்த அட்டைப்பெட்டிக்குள்ள, மேடம்."