வீட்டுப் பக்கத்துக் கிளை

கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், உள்ளங்கையால் அடித்து அணைக்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் பக்கத்து வீட்டுக்காரி மேலே பார்த்தாள்.

மரம் அவள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தூங்குமூஞ்சி மரம். காரில் எச்சம் விழுகிறதென்று எதிர்வீட்டுக்காரர் தன் பக்கத்துக் கிளைகளை மட்டும் வருடா வருடம் கழித்துக்கொண்டே வந்தார். மிஞ்சிய பாரமெல்லாம் இவள் பக்கம். அந்தச் சாய்வில் பொரித்த காக்கைகளுக்கு இடதுகால் அரை அங்குலம் குட்டை. நானே அளந்திருக்கிறேன்.

கிளைகளுக்குக் கீழே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரைக்குக் கீழே அவள் கணவர் பக்கிரிசாமி. தொடை எலும்பு முறிந்து, காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு வாரம் அசைக்கக் கூடாது.

புயல் நாளை மதியம் எங்கள் கடலூரில் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்னார்கள்.

"அடியோட வெட்டிடுங்கண்ணே."

மரம் வெட்டும் மாசிலாமணி அரிவாளின் பின்புறத்தால் தண்டைத் தட்டினார். காது வைத்தார். ஓரடி மேலே தட்டினார்.



குந்தி உட்கார்ந்து வேர்ப்பக்க மண்ணை அழுத்திப் பார்த்தார்.

"உள்ள பொந்து விழல. வேரும் மண்ணத் தூக்கல. நல்லாருக்கறத எதுக்கும்மா சாய்க்கணும்? ஒங்க பக்கத்து பாரத்த எறக்கிடறேன், போதும்."

"அப்ப மொட்டையாவது அடிச்சிடுங்க. தெருவே அடிச்சிருக்கு."

"மொட்டை அடிச்சா கொத்துக் கொத்தாத் தழைக்கும். ஒண்ணுக்கும் பிடிப்பு இருக்காது. ரெண்டு வருஷம் கழிச்சி மொத்தமாப் பிஞ்சி ஒங்க வீட்டு மேலதான் வரும்."

ஏறினார்.

உச்சிக் கவையில் மாட்டிய கயிறு. ஒரு முனை கூரைக்கு மேலே நீண்ட பெரிய கிளையில். மறுமுனை, பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்காக, என் கையில்.

அவள் உள்ளே ஓடினாள். இட்லிக் குண்டானைக் கணவரின் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடி வந்தாள்.

முதலில் கிளையின் அடிப்பக்கம் கால்வாசி அறுத்தார், பட்டை உரிந்து தண்டோடு கிழியாமல் இருக்க. பிறகு கொஞ்சம் தள்ளி, மேலிருந்து.

ரம்பச் சத்தம்.

மரத்தூள்.

அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

குண்டானுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அடியே, விழுந்துச்சா?"

"பேசாம படுங்க!"

"மொகத்தையே மூடிட்ட. இனி பேசினா என்ன?"

கிளை முறிந்தது.

கயிறு என்னைத் தரையிலிருந்து நாலடி தூக்கியது. கிளை கூரைக்கு ஒரு சாண் மேலே தொங்கி ஆடியது. நான் இந்தப் பக்கம் ஆடினேன்.

கிளை இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது.

அவள் பாய்ந்து என் கால்களைப் பிடித்துத் தொங்கினாள்.

கிளை மேலேறியது. மாசிலாமணி அதை உதைத்து முற்றத்துப் பக்கம் தள்ளினார். அது அங்கே மெதுவாக உட்கார்ந்தது. நாங்களும் உட்கார்ந்தோம்.

எஞ்சிய கட்டையை அறுத்தார். அடியில் மோதிரம்போல் இருந்த வீக்கத்தை மட்டும் தொடவில்லை. புண் அங்கிருந்துதான் மூடிவருமாம். உள்ளே நெருக்கிக்கொண்டிருந்த சிறு கிளைகளில் ஐந்தாறை எடுத்தார். இறங்கிவிட்டார்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்."

பாரம் குறைந்த மரம் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது. அதில் கட்டியிருந்த கொடியும் நிமிர்ந்து, பக்கிரிசாமியின் கைலி மாடி உயரத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையிலிருந்து அவள் கட்டிலருகே அசையாமல் இருந்தாள். குண்டான் மடியில்.

மதியம் காற்று வந்தது. மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர். மரத்தின் முன்னால் வந்து நின்றது. கிளைகளுக்கிடையில் வழி இருப்பதைப் பார்த்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, மறுபக்கமாக வெளியே போனது. போகிற போக்கில் எதிர்வீட்டுக்காரரின் காரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பேருந்து நிலையத்தில் வரிசையில் நிறுத்திவைத்தது.

கூரையில் விழுந்தது ஒரே ஓர் இலை. அந்தச் சத்தத்துக்கு அவள் போட்ட அலறலில் பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது: அந்தப் புயல் நெல்லூருக்கு வடக்கே கரையைக் கடந்தது. கடலூரில் அன்று முழுக்க வெயில்.